நேரில் வந்து கையில் கொடுக்கவும்

எறும்புக்குக் கண் பரிசோதனை வைப்பதாக இருந்தால் அந்தக் காகிதத்தைத்தான் தூக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவு பொடி எழுத்து. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி அண்ணி வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் கண்ணாடிக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் இத படிச்சாராம்மா?"

"படிச்சாருங்க. பெரிய எழுத்துல இருந்தத."

"பெரிய எழுத்துல என்ன இருந்துச்சு?"

"வாழ்த்துகள்னு இருந்துச்சு."

சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன். அண்ணி பார்த்த பார்வையில் அது கொட்டாவியாக மாறியது.

இந்தத் துப்பறியும் ஏஜென்சி என் அண்ணனுடையது. அண்ணன் போன பிறகு எல்லோரும் இழுத்து மூடச் சொன்னார்கள். அண்ணி மேசையைத் துடைத்து, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்து யாரு?" என்றார். அன்றிலிருந்து நான் உதவியாளன். வண்டி ஓட்டுவது, ஆட்களைப் பேச்சுக்கு இழுப்பது, வாயை மூடச் சொன்னால் மூடாமல் இருப்பது, இந்த மூன்றும் என் பொறுப்பு.

வழக்கு இதுதான். கண்ணாடிக்காரருக்கு உயரமான கட்டடங்களின் ஜன்னல்களைத் துடைக்கும் தொழில். மாடியிலிருந்து ஆளை இறக்கும் மோட்டார் கூண்டை ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்திருந்தார். தொழிலில் அதற்குத் தொட்டில் என்று பெயர். அந்தத் தொட்டிலோ இறங்கும்போது பாதியில் நின்றுவிடும். இரண்டு ஆட்கள் ஒரு வெயில் பகல் முழுக்க அந்தரத்தில் தொங்கியிருக்கிறார்கள். "பழுது பாருங்க" என்றால் கம்பெனி வரவில்லை. "அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கு வேணாம்" என்று சொல்லப் போனபோதுதான் பொடி எழுத்து பல்லைக் காட்டியது.

அண்ணி வாசித்தார். "ஒப்பந்தக் காலம் முடியறப்ப ரத்து பண்ணலைன்னா தானாவே இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். ரத்து பண்றதா இருந்தா கடைசி மாசத்துல மட்டும்தான். தபால் செல்லாது, ஃபோன் செல்லாது. வாடகைக்கு எடுத்தவரே நேரில் வந்து, அறிவிப்பு அலுவலகத்துல, பணி நேரத்துல, அறிவிப்பு அதிகாரி கையில குடுக்கணும். எடுத்தவர் இறந்துட்டா ஜாமீன் போட்டவர் தொடரணும்."

"ஜாமீன் நான்தாங்க. வீட்ட எழுதிக் குடுத்திருக்கோம். புது வாடகை கட்டலைன்னு நாளைக்குக் காலைல வந்து வீட்டுக்குப் பூட்டுப் போடப்போறாங்களாம்."

"உங்க வீட்டுக்காரர் போனாரா, அந்த ஆபீஸுக்கு?"

"தினம் போனாருங்க. தினம் பூட்டிக் கெடந்துச்சு. கடைசி நாளும் போனாரு." அக்கா அங்கே நிறுத்திக்கொண்டார். மீதியை நான் ஏற்கெனவே பேப்பரில் படித்திருந்தேன். கடைசி நாள் மதியம், அந்த ஆபீஸ் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்தார் என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

"வீடு போனாப் போகட்டுங்க," என்று சொல்ல ஆரம்பித்த அக்கா உடனே தலையை ஆட்டினார். "இல்லங்க, போகக் கூடாது. அவர்கிட்ட வேலை பாத்த நாலு பசங்களும் என் வீட்டு மாடியிலதான் இருக்காங்க. எங்க போவாங்க? அவரு அந்தக் காகிதத்த யார் கையிலயாவது குடுத்தாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும். குடுக்காம குதிச்சாருன்னா எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

அண்ணி காகிதத்தை மடித்தார். "தம்பி, வண்டிய எடு. அம்மா, நீங்களும் வாங்க."

*

கட்டடத்துக்கு வயது என்னைவிட அதிகம், பராமரிப்பு என்னைவிடக் குறைவு. லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடியில் படி முடியும் இடத்தில் வலப்பக்கம் பல்செட் கட்டுபவரின் அறை, இடப்பக்கம் "அறிவிப்பு அலுவலகம்" என்று சிறிய பலகை. நடுவில் ஒரு பெரிய ஜன்னல். அலுவலகக் கதவில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது.

"கடவுள் வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு சொல்வாங்க. இங்க பூசாரியையே காணோம்," என்றேன்.

அண்ணி குனிந்து கதவின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரைக்கும் கதவுக்கும் இடையே விரல் நுழையாதபடி தகடு அடித்திருந்தார்கள். கடிதம் போடும் துளையை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். ஆள் பார்க்கும் சின்னத் துளைக் கண்ணாடி மட்டும் மேலே இருந்தது.

"காலி ரூமுக்கு இவ்வளவு பயமா?" என்றார் அண்ணி.

பல்செட்காரர் கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு எட்டிப் பார்த்தார். "யாரத் தேடறீங்க? அங்க ஆளே கிடையாது. நான் வந்த நாள்லேர்ந்து பூட்டுதான். ஒருத்தர் சாவிக்கொத்தோட காலைல வருவாரு, சாயந்திரம் வருவாரு. எலி பிடிக்க வர்றாருன்னு நெனச்சேன்."

"காலைல, சாயந்திரம் ரெண்டு வேளையும் எலி பிடிக்கறாரா?"

"பெரிய எலியா இருக்கும்," என்றார் அவர். எனக்குப் போட்டியாக ஓர் ஆள்.

"அந்த ஷூவ மொதல்ல பாத்தது நீங்கதானே?" அண்ணி ஜன்னலைக் காட்டினார். "எப்படி இருந்துச்சு?"

அவர் முகம் சுருங்கியது. "இந்த ஜன்னல் அடியில. ஜோடியா, அழகா. பாவம், வாசல்ல விட்டுட்டு உள்ள போற மாதிரி."

"மூக்கு எந்தப் பக்கம்?"

"யாரு மூக்கு?"

"ஷூவோட மூக்குங்க. ஜன்னலப் பாத்தா, படியப் பாத்தா?"

பல்செட்காரர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு கையிலிருந்த பல்லைப் படிப்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "இப்படி. படியப் பாத்து."

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர் அப்படித்தாங்க வெப்பாரு. ஜன்னலுக்கு வெளிய சுவர்த் திட்டு மேல ஏறும்போது வெறுங்கால்தான், அப்பத்தான் பிடிமானம். ஷூவத் திருப்பி வெச்சுட்டு ஏறுவாரு. திரும்பி எறங்கும்போது கால் நேரா உள்ள போற மாதிரி. பசங்களுக்கும் அதத்தான் சொல்லிக் குடுப்பாரு."

மாடியில் கழற்றி வைத்த ஷூவைப் பார்த்தால் ஊர் உலகமெல்லாம் தற்கொலை என்றுதான் சொல்லும். ஜன்னல் துடைப்பவன் மட்டும் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்வான். விசாரணைக்கு வந்த யாரும் ஜன்னல் துடைப்பவனைக் கேட்கவில்லை.

"ஆக, அவர் கீழ போக ஏறல," என்றார் அண்ணி. "பக்கவாட்டுல போக ஏறியிருக்காரு."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி ஓரடி அகலத்தில் ஒரு சிமெண்ட் திட்டு ஓடியது. அது இடப்பக்கமாகத் திரும்பி, அறிவிப்பு அலுவலகத்துக் கழிவறையின் வென்டிலேட்டருக்குக் கீழே போய் முடிந்தது. கீழே பார்த்ததும் காலையில் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"காலி ரூம் வென்டிலேட்டர்கிட்ட எதுக்கு அண்ணி உசிரக் குடுத்துப் போகணும்?"

"அந்த ஆபீஸப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாராம்மா? எவ்வளவு அற்பமா இருந்தாலும் சரி."

அக்கா யோசித்தார். "கடைசில ஒரு நாள் எதிர் நடைபாதைல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து, 'அந்த ஆபீஸ் ஜன்னல்ல பாதித் தூசிதான் இருக்கு'ன்னாரு. தொழில் புத்தின்னு நான் கண்டுக்கல."

அண்ணி விறுவிறுவென்று படி இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். எதிர் நடைபாதையில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தோம். மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கம்பி போட்டு, சட்டத்தை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். கண்ணாடியில் வெளிப்பக்கம் மழைக்கறையும் பறவை எச்சமுமாக இருந்தது. மற்ற பூட்டிய அறைகளின் கண்ணாடி உள்ளும் வெளியுமாகச் சேர்ந்து சுவர் மாதிரி மங்கிக் கிடந்தது. இதில் மட்டும் அழுக்குக்குப் பின்னால் உள்ளே இருந்த மின்விசிறியின் இறக்கை தெரிந்தது.

"மழை வெளிய கழுவும்," என்றார் அண்ணி. "உள்பக்கம் யார் தம்பி கழுவினா?"



*

மறுபடி மூன்று மாடி. அண்ணி கதவின் துளைக் கண்ணாடிக்கு நேராக நின்றார். துளையில் பகல் வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. "உள்ள யாரு?" என்று கேட்டார். பொட்டு இருண்டது.

"தம்பி, ஃபோன்ல படம் பிடி," என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். பிறகு கதவிடம், தூங்கும் குழந்தையை எழுப்புகிற குரலில் பேசினார். "யாரா இருந்தாலும் சரி, உங்கள நான் திட்ட வரல. பூட்டு வெளிய இருக்கு. நீங்க உள்ள இருக்கீங்க. யார் பூட்டினாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பேசக் கூடாதுங்க. ரூல்."

"என்ன வேலை உங்களுக்கு?"

"அறிவிப்பு அதிகாரி."

நான் பல்செட்காரரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்து கிடந்தது.

அண்ணி கேள்வி கேட்கக் கேட்க, அந்தப் பெண் துண்டு துண்டாகச் சொன்னாள். முன்பு ஒரு வழக்கில் நீதிபதி கம்பெனியைக் கண்டித்து, பணி நேரம் முழுக்க அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது என்று எழுத வைத்துவிட்டாராம். அதிகாரி இருக்க வேண்டும் என்றார். கதவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டார். அதனால் காலையில் இவளை உள்ளே விட்டு, ஃபோனை வாங்கிக்கொண்டு, வெளியே பூட்டிவிடுவார் மேலாளர். சாயந்திரம் திறந்துவிடுவார். ஆளும் இருக்கிறாள், சட்டமும் இருக்கிறது, காகிதம் மட்டும் உள்ளே வர வழியில்லை. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள், தானும் தின்னாது, பிறரையும் தின்ன விடாது. இது தெங்கம்பழத்துக்குள் நாயை வைத்துப் பூட்டிய கதை.

"வேலைய விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"என் ஒப்பந்தத்துலயும் பொடி எழுத்து இருக்குங்க. விலகறதா இருந்தா வெளியேர்ந்து நேர்ல வந்து, பணி நேரத்துல, இந்த ஆபீஸ்ல, அறிவிப்பு அதிகாரி கையில கடிதத்தக் குடுக்கணும்."

"அதிகாரி நீங்கதானே?"

"ஆமாங்க."

பத்து நக்கல் என் நாக்கு நுனியில் வந்து நிற்கும் இடம் அது. ஒன்றுகூட வரவில்லை. கோபம்தான் வந்தது.

அப்போது அக்கா முன்னால் வந்து உள்ளங்கையைக் கதவில் வைத்தார். "நான் கண்ணாடிக்காரர் சம்சாரம்மா."

உள்ளே எதுவோ விழுந்தது. பிறகு அழுகை. பூனைக்குட்டி அழுவது மாதிரி சன்னமாக, அடக்கி அடக்கி.

"வாங்கினேங்க," என்றாள் அந்தப் பெண். "தினம் வருவாரு. இந்தத் துளை வழியாப் பாப்பேன். கதவத் தட்டிட்டு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, படிய ஊதித் துடைச்சுட்டுப் போவாரு. ஒரு நாளும் கெட்ட வார்த்தை சொல்லல. அன்னிக்கு பாத்ரூம் வென்டிலேட்டர்ல அவர் முகம் தெரிஞ்சுது. 'அம்மா, கை நீட்டுங்க'ன்னாரு. நீட்டினேன். கவர் என் கைக்கு வந்துச்சு. அப்புறம் அவரக் காணோம். சாயந்திரம் மேலாளர்கிட்ட குடுத்தேன். கிழிச்சுப் போட்டுட்டாரு. 'வாயத் தொறந்தா நீதான் தள்ளிவிட்டேன்னு சொல்லிடுவேன்'னாரு."

அக்கா கையைக் கதவிலிருந்து எடுக்கவேயில்லை.

*

சாவிக்கொத்துச் சத்தம் அவருக்கு முன்னால் படியேறி வந்தது. மேலாளர் ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. எங்களைப் பார்த்தும் பதறவில்லை. பதறாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆபீஸ் நேரம் முடியப்போகுது. என்ன வேணும்?"

"இவங்க வீட்டுக்காரரோட ஒப்பந்தம் கடைசி நாளே ரத்தாயிடுச்சு," என்றார் அண்ணி. "அதிகாரி கையில வாங்கிட்டாங்க."

"எந்த அதிகாரி?" மேலாளர் பூட்டை ஓர் ஆட்டு ஆட்டிக் காட்டினார். "இங்க யாரும் கிடையாதும்மா. இந்தப் பல்செட்காரரையே கேளுங்க. நான் வந்த நாள்லேர்ந்து பூட்டுதான்னு அவரே போலீஸ்ல சொல்லியிருக்காரு."

பல்செட்காரர் பரிதாபமாகத் தலையாட்டினார். உண்மைதான், சொல்லியிருந்தார். உள்ளே இருப்பவளை இல்லாதவளாக ஆக்கிவிட்டான் மனுஷன். நாங்கள் பிடித்த நூல் அறுந்தே போனது.

அண்ணி மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நன்றாக அறிவேன். எதிராளி நல்ல கனமான கல்லைத் தூக்கித் தன் காலிலேயே போட்டுக்கொள்ளும்போது வருவது.

"சரிங்க, யாரும் இல்ல. தம்பி, அவர் சொன்னது பதிவாயிடுச்சா?"

"கணீர்னு, அண்ணி."

"அப்ப உங்க ஒப்பந்தப்படியே, பணி நேரத்துல அதிகாரி இல்லாத ஆபீஸ். ஒப்பந்தம் செல்லாது. இவங்களது மட்டும் இல்ல, உங்க கம்பெனி போட்ட அத்தனையும்."

மேலாளரின் கையில் சாவிக்கொத்து நின்றது.

"இல்ல, ஆள் உண்டுன்னு சொல்றீங்களா? அதுவும் சரிதான். அவங்க வாங்கிட்டாங்க, இந்த அம்மாவோட ஒப்பந்தம் ரத்து. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஆப்பை அசைத்த குரங்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அன்று நேரில் பார்த்தேன். எல்லா ஒப்பந்தமும் போவதைவிட ஒன்று போவது மேல் என்று கணக்குப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பேனாவை எடுத்தார். அண்ணி நீட்டிய காகிதத்தில், அறிவிப்பு கடைசி நாளில் அதிகாரி கையில் கிடைத்தது, ஒப்பந்தம் ரத்து, வீட்டின் மேல் உரிமை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? இத அவரு உசிரோட இருக்கும்போதே போட்டிருந்தா என்னய்யா உனக்கு?"

"விதிமுறைம்மா. நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்." சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு அண்ணியிடம் திரும்பினார். "கையெழுத்துப் போட்டாச்சு. வீடியோவ அழிச்சிடுங்க, போலீஸெல்லாம் வேணாம்."

"கையெழுத்துப் போட்டா போலீஸ் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார் அண்ணி. "ஒரு பொம்பளைய தினம் பூட்டி வெச்சிருக்கீங்க. கதவத் திறங்க. தம்பி, கூப்பிடு."

அழைத்தேன். மேலாளர் கதவைத் திறந்துவிட்டு, பல்செட்காரரின் முக்காலியில் உட்கார்ந்து யாருக்கோ ஃபோன் போட்டபடியே இருந்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் என்ன பொடி எழுத்தோ.

அந்தப் பெண் வாசற்படியில் நின்றாள். நான் நினைத்ததைவிட இளையவள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். அக்கா அவளுக்கு எதிரே போய் நின்றார். வீடு தப்பித்துவிட்டது, மாடியில் இருக்கும் நாலு பேரும் தப்பித்துவிட்டார்கள். ஆனால் அக்கா முகத்தில் நிம்மதி என்று ஒன்று வரவேயில்லை.

"குடுத்துட்டுத் திரும்ப வேண்டியவரு எப்படி விழுந்தாரு? அவருக்குத் திட்டு புதுசு இல்ல. மழையில நடந்தவரு. நீ ஏதோ மறைக்கற."

"அக்கா..."

"சொல்லிடும்மா. நான் உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவள் அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "கவர் கைக்கு வந்ததும், 'வாங்கிட்டீங்கல்லம்மா?'ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லல. பேசக் கூடாதுன்னு ரூல். எனக்குக் கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டாரு. 'வாங்கிட்டீங்களா?'ன்னு திரும்பவும் கேட்டாரு. அப்பவும் நான் வாயத் தொறக்கல. பதில் வருதான்னு காத வென்டிலேட்டர்கிட்ட கொண்டுவர எட்டினாரு. அப்பதான்க்கா..."

கீழே தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அண்ணன் போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அக்கா அந்தப் பெண்ணை அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னல்வரை இழுத்துக்கொண்டு போய், திட்டுப் பக்கமாக முகத்தைத் திருப்பி நிறுத்தினார்.

"அவர் கேட்டாருல்ல? பதில் சொல்லு."

அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"சொல்லு."

"வாங்கிட்டேங்க," என்றாள்.

"இன்னும் சத்தமா. அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்."

அவள் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவே நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினாள்.